மஞ்சள் என்று சொன்னார்

நவம்பர் 18, திங்கள்

இந்த நோட்டை இன்றைக்கு ஆரம்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்த இருபத்தாறு வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைத் திருத்தியிருப்பேன்! பார்த்ததைப் பார்த்த அன்றைக்கே எழுது, மறுநாள் நினைவிலிருந்து எழுதாதே என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். இப்போது அது எனக்கே வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் பள்ளியில் நடந்ததற்குப் பிறகு என் தலை மேல் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பசுமைக்குடில் தயார். உள்ளே ஆயிரம் லிட்டர் தொட்டி, நாற்பது ஜிலேபி மீன்குஞ்சு. தொட்டித் தண்ணீரை மோட்டார் ஜல்லிப் படுகைக்கு ஏற்றும். மீன் கழிவை ஜல்லியில் இருக்கும் பாக்டீரியா செடிக்கு உணவாக்கும். செடி எடுத்துக்கொண்டது போகத் தண்ணீர் மறுபடியும் தொட்டிக்கு இறங்கும். மண் கிடையாது, உரம் கிடையாது, மருந்து கிடையாது. செடிக்கு எதைப் போட்டாலும் அது மீனுக்குத்தான் போய்ச் சேரும். மீன் விட்டு ஐந்து வாரம் ஆயிற்று, தண்ணீர் பக்குவத்துக்கு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கோபியில் முப்பத்தொரு வருடம் உரக்கடை வைத்திருந்தவர். "மீன் பீயில எங்காச்சும் செடி வளருமா வசந்தா?" என்று முதலில் சிரித்தார். எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரும் மகள் சங்கவியும், மனசுக்கு நல்லது என்று சொன்ன பிறகு அவரே கூட நின்று கம்பி நட்டு வலை கட்டினார். நல்ல மனுஷன். மூக்குக்கு மேல் கோபம் எனக்குத்தான்.

இன்று இரண்டு குழித்தட்டில் விதை போட்டேன். தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. தென்னைநார்த் தூளை மூன்று தண்ணீர் அலசி, பிழிந்து, நிரப்பி, குழிக்கு ஒரு விதை. ஒன்றில் தக்காளி, ஒன்றில் பாதி கத்தரி, பாதி பாலக்கீரை. மேலே சாக்கு மூடியாயிற்று.

அம்மோனியா பார்த்தேன். குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வண்ண அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஆபத்தில்லை. பச்சை ஏற ஏற மீனுக்கு விஷம். இன்று: மஞ்சள்.

நவம்பர் 24, ஞாயிறு

தக்காளியில் எண்பத்தொன்று தலை காட்டிவிட்டது. சாக்கை எடுத்ததும் வளைந்த கழுத்தோடு எல்லாம் எழுந்துகொண்டிருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் ரங்காயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரங்காயி பதினொரு வருடமாக நம் வீட்டில் வேலை செய்கிறாள். "இதுக்கா டீச்சரம்மா இந்தக் கத்து கத்துனீங்க? பாம்பாக்கும்னு ஓடியாந்தேன்" என்றாள்.

தட்டுகளை ஜல்லிப் படுகையின் மேலேயே வைத்துவிட்டேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது. வடியும் தண்ணீரும் வீணாகாது. அம்மோனியா: மஞ்சள்.

டிசம்பர் 2, திங்கள்

நாற்று வெளிறிப் போகிறது. எனக்குத் தெரிந்ததுதான். புதுத் தொட்டி, குஞ்சு மீன், சத்து மெதுவாகத்தான் ஏறும். இன்னும் பதினைந்து நாள் பொறுத்தால் தானாகத் தேறும். பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தட்டின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. தென்னைநார்த் தூசி கண்ணில் பட்டுவிட்டது. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் ஓசூரில் இருக்கும் சங்கவியிடம் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். "நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்கற. நான் அஞ்சு மணிக்கே முழிச்சுக் கெடக்கறேன். பூவாளி புடிக்கறதுக்கு எனக்குப் படிப்பா வேணும்?" என்றார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் ஒரு துளசிச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை இந்த மனுஷன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

ஐயோ, என்ன பச்சை! வெளிறல் போன இடம் தெரியவில்லை. தண்டு தடித்து, இலை கருகருவென்று விரிந்திருக்கிறது. பதினைந்து நாள் என்று கணக்குப் போட்டேன், ஒன்பதே நாளில் தேறிவிட்டது. மீனைப் பார்த்துக் கும்பிடலாம் போல இருந்தது. சங்கவிக்குப் படம் அனுப்பினேன். ஒரு வரிசை முழுக்கச் சிவப்பு இதயமாகப் போட்டு, "கலக்கிட்டீங்கம்மா!" என்று பதில் அனுப்பினாள்.

"பாத்தீங்களா, மீன் பீயில வளருமான்னு கேட்டீங்களே!" என்றேன் அவரிடம்.

"ஒத்துக்கறேன் தாயி, ஒத்துக்கறேன்" என்றார்.

மறுபடியும் எனக்கு ஏதோ ஒன்று செய்ய வருகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் தூசி விழும்.

டிசம்பர் 14, சனி

அம்மோனியா: பச்சை. அட்டையில் மூன்றாவது கட்டம்.

எப்படி? மீனுக்கு இரை கூட்டவில்லை, மோட்டார் நிற்கவில்லை. அவரைக் கூப்பிட்டேன். குழாயை வாங்கி அட்டை மேல் வைத்துப் பார்த்தார்.

"மஞ்சள்தான் வசந்தா."

"என்னங்க இது, பச்சையா இருக்குது!"

"உள்ள பூராவும் பச்சை வலை. அந்த நெழல் அடிக்குது. மஞ்சள்தான், நல்லாப் பாரு."

வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். எனக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது. அவர் பொய் சொல்ல என்ன இருக்கிறது? மேலே எழுதியதை அடித்துவிட்டு "மஞ்சள்" என்று எழுதப் போனேன். அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

அவருக்கு நிறக்குருடு இருக்குமோ என்று சந்தேகம். பாடமே நடத்தியிருக்கிறேன், ஆண்களுக்குத்தான் அதிகம். தையல் பெட்டியிலிருந்து பன்னிரண்டு நூல்கண்டு எடுத்து முன்னால் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள், எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தார். "பரிச்சையில பாஸாங்க டீச்சர்?" என்று வேறு கேலி.

பாஸ். அப்படியென்றால் தேறாதது யார்?

டிசம்பர் 18, புதன்

நான்காவது கட்டம். நல்ல பச்சை. அவர் மஞ்சள் என்கிறார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. குடிலுக்கு வெளியே துவைக்கிற கல். ரங்காயி சோப்புத் தண்ணீரை உள்ளே ஊற்றியிருப்பாளோ, இல்லை பூவாளியில் சோப்புத்தூள் கரைத்திருப்பாளோ? சும்மா கேட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "பதினோரு வருசமா இருக்கறே, இதுகூடத் தெரியாதா? இதென்ன சாக்கடையா?" என்று கத்திவிட்டேன்.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "நான் ஒண்ணும் போடலீங்" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 19, வியாழன்

ரங்காயி வரவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

ஈரோட்டுக்கு டாக்டரிடம் போய் வந்தோம். மாதாமாதம் போவதுதான். இந்தத் தடவை நானே சொன்னேன்: "ஒரு நிறம் எனக்கு வேறயா தெரியுதுங்க டாக்டர்." டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "ஆமாங்க. மஞ்சளைப் பச்சைங்கறா" என்றார். மாத்திரை அரையிலிருந்து முழுசாயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். ஜூனில் ஒரே பாடத்தை மூன்று நாள் நடத்தியிருக்கிறேன். தவளையின் இதயம். மூன்றாவது நாள் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இதை நேத்தும் எடுத்தீங்க, முந்தாநாளும் எடுத்தீங்க" என்றாள். நீ பொய் சொல்கிறாய் என்று அவளை வெளியே நிற்க வைத்தேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் நோட்டைத் திறந்து காட்டினார்கள். மூன்று தேதியில் மூன்று தவளை இதயம், என் கையெழுத்தோடு. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தலைமையாசிரியை என் வீட்டுக்காரரை வரவழைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததுதான், மறுபடி பள்ளிக்கூடப் படி ஏறவில்லை.

அப்போதும் எனக்கு நான் சொல்வதுதான் சரி என்று உறுதியாகத் தெரிந்தது. இப்போதும் அப்படித்தான் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 31, செவ்வாய்

நாற்றைப் படுகைக்கு மாற்றினேன். வேரிலுள்ள நார்த்தூளைத் தண்ணீரில் அலசி ஜல்லிக்குள் இறக்க வேண்டும். முழு மாத்திரையில் கை நடுங்குகிறது. தக்காளியில் பத்தொன்பது வேரை அறுத்துவிட்டேன். அவர் கூட உட்கார்ந்து மீதியை நட்டார்.

இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி மொய்க்கிறது. தழைச்சத்து மிதமிஞ்சிப் போனால்தான் இது இப்படி வரும். நாற்பது குஞ்சு மீன் இவ்வளவு சத்துக் கொடுக்குமா என்று அவரிடம் கேட்டேன். "நல்லா வளந்தாலும் கொறை சொல்லுவியா நீ!" என்று எரிந்து விழுந்தார். அவர் எரிந்து விழுகிற ஆள் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

மஞ்சள் என்று எழுதுகிறேன். எனக்குத் தெரிவது பச்சை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

சங்கவி மூன்று நாள் லீவில் வந்திருக்கிறாள். பொங்கல் வைத்து முடித்ததும் நேராகக் குடிலுக்குள் ஓடினாள். வீடியோ எடுத்தாள். தக்காளி முழங்கால் உயரம், பாலக் உள்ளங்கை அகலம். "எங்க ஆபீசுல யாரும் நம்ப மாட்டாங்கம்மா!" என்றாள்.

இவளிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. இவள் என் பிள்ளை, எனக்காகப் பொய் சொல்ல மாட்டாள், அவருக்காகவும் சொல்ல மாட்டாள். குழாயில் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் பார்த்து, கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல், "என்ன நெறம் கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"மஞ்சள்தாம்மா" என்றாள்.

சரி. இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். இனிமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஜூனில் வந்தது மறுபடியும் வந்துவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

சங்கவி நேற்றுக் கிளம்பிப் போனாள். இன்று காலை குடிலுக்குள் போனால் மீன் மிதக்கிறது. இருபத்தேழு. மீதி மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து மாற்றினோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை விட வேகமாக இறைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"ஏனுங்க, மாத்திரை மயக்கத்துல நானே எதையாச்சும் கொட்டிட்டனா?" என்று கேட்டேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு என் தோளைத் தட்டி, "விடு புள்ள. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

அப்படியென்றால் நான்தான்.

ஜனவரி 18, சனி

எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலை பத்து மணிக்கு ரங்காயி வந்தாள். உள்ளே வரவில்லை. அவர் வங்கிக்குப் போன நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"மீனெல்லாம் செத்துருச்சாமா டீச்சரம்மா. ஊரே பேசுது. எம் மேல பழி விழுகறதுக்கு முன்னால சொல்லிப்போடறேன். நான் சோப்புப் போடலீங். ஐயாதான் வெடியக்காலைல பூவாளியில அந்த வெள்ளை உப்பை, கடையில விப்பாருங்களே, அதைக் கரைச்சு ஊத்துவாருங். நான் என் கண்ணால பாத்தேன்."

"யூரியாவா?"

"அதுதானுங். 'டீச்சருக்கு ஒடம்பு சொகமில்ல, செடி செத்தா அவளும் படுத்துக்குவா, சொல்லிப்போடாத'ன்னு சாமி மேல சத்தியம் வாங்கிட்டாருங். நீங்க என்னை அந்தப் பேச்சுப் பேசினப்பவும் வாய் வரைக்கும் வந்துச்சுங். முழுங்கிட்டுப் போனேன்."

அவள் காலில் விழாத குறை எனக்கு. கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. யூரியாவைத் தண்ணீரிலிருக்கும் பாக்டீரியா உடைத்தால் அம்மோனியாதான். அப்போது குழாய் என்ன நிறம் காட்டும்? பச்சைதானே காட்டும்! என் கண் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது! எழுந்து நின்று சிரித்தேன். ரங்காயி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

அவர் வந்ததும் இந்த நோட்டையும் பேனாவையும் முன்னால் வைத்தேன். எந்தெந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. மழுப்பவில்லை, அதையாவது சொல்ல வேண்டும். டிசம்பர் ஐந்தாம் தேதியிலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு ஸ்பூன். நட்ட பிறகு தினமும். சங்கவி வந்து பார்ப்பாள் என்று பொங்கலுக்கு முதல் நாள் ஒரு கைப்பிடி, அவள் போன அன்று இன்னொரு கைப்பிடி. அவர் சொல்லச் சொல்ல நான் என் குறிப்போடு வைத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட நான் தப்பாகப் பார்க்கவில்லை.

"நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதியே வசந்தா, அதைப் பாக்க முடியல. இன்னொருக்கா உன்னை அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. செடி நல்லா வந்தாப் போதும்னு நெனச்சேன்."

"சரி. யூரியாவ விடுங்க. முப்பத்தொரு வருசம் மூட்டை தூக்கிக் குடுத்த கை, அதுக்கு வேற தெரியாது. அதை மன்னிச்சுடுவேன். குழாயைக் காட்டி என்ன நெறம்னு கேட்டனே, அது?"

அவர் பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

"டாக்டருகிட்ட 'ஆமாங்க'ன்னு சொன்னீங்களே, அது? மீன் செத்த அன்னிக்கு 'நானே கொட்டிட்டனா'ன்னு கேட்டனே. அன்னிக்காச்சும் வாயத் திறந்திருக்கக் கூடாதா? என்னைப் பைத்தியம்னு நானே நம்பறதப் பாத்துட்டு, தோளைத் தட்டினீங்களே பாவி!"

குனிந்த தலை நிமிரவில்லை. "பச்சைதான்" என்றார். "எல்லா நாளும் பச்சைதான் வசந்தா."

ஜனவரி 21, செவ்வாய்

சங்கவி போன் பண்ணினாள். ஐந்து தடவை எடுக்கவில்லை. ஆறாவது தடவை எடுத்தேன்.

"அம்மா, அப்பா பாவம்மா. உங்களுக்காகத்தான்..."

"பொங்கலன்னிக்கு உனக்கு என்ன நெறம் தெரிஞ்சுது?"

அழுதாள். அழுகையை முழுசாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். யூரியா விஷயம் அவளுக்கு டிசம்பரிலேயே தெரியுமாம். படத்துக்கு அந்த இதயங்களைப் போட்டபோதே தெரியும். என் வயிற்றில் பிறந்தவள் என் முகத்தைப் பார்த்து மஞ்சள் என்றாள். இவரையாவது ஊரான் பெற்ற பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம்.

படுகையிலிருந்த செடி அத்தனையும் பிடுங்கி எறிந்தேன். காய் பிடிக்கும் பருவத்தில் இருந்த தக்காளி. அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

டாக்டரிடம் நான் பேசவில்லை. "நீங்க சொல்லுங்க" என்று அவரிடம் விட்டுவிட்டேன். சொன்னார். வேர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். டாக்டர் நோட்டை வாங்கி டிசம்பர் முழுக்கப் படித்தார். அவரை வெளியே உட்காரச் சொன்னார். மாத்திரை மறுபடியும் அரையாயிற்று.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லைங்களா?" என்று கேட்டேன்.

"ஜூன்ல வந்தது வந்ததுதாங்கம்மா. அதுக்குத்தான் இந்த அரை மாத்திரை. டிசம்பர்ல உங்களுக்கு ஒண்ணும் வரல" என்றார்.

அது போதும். தவளை இதயம் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆனால் பச்சை பச்சைதான்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒரே ஒரு தட்டு. தக்காளி மட்டும். நார்த்தூளை அலசி, பிழிந்து, குழிக்கு ஒன்றாகத் தொண்ணூற்றெட்டு விதை. கை நடுக்கம் குறைந்துவிட்டது. ரங்காயி திரும்பி வந்துவிட்டாள், ஆனால் முன்னைப்போல வாயாடுவதில்லை. நானும் பேசிப்பேசிப் பார்க்கிறேன். அவர் குடிலுக்குள் காலே வைப்பதில்லை. சாப்பாடு போடுகிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பிழைத்த பதின்மூன்று மீனும் இரை எடுக்கிறது. தண்ணீரை எட்டு முறை மாற்றியாயிற்று. இன்று குழாயில் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மஞ்சள். எழுதிவிட்டேன்.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தயங்கித் தயங்கி, "இன்னிக்கு நெசமாவே மஞ்சள் வசந்தா" என்றார்.

அதைக் கேட்டதும் குழாயை வெயிலுக்கு எடுத்துப்போய் மறுபடியும் பார்த்தேன். அட்டையோடு வைத்துப் பார்த்தேன். ரங்காயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மஞ்சள்தான். அவர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு தடவை பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.